அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் வாலிபால் அணியை எடைபோடுவது எப்படி? ஆட்கள், பணம், படிப்பு: முழுமையான வழிகாட்டி

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில், மூன்று பல்கலைக்கழகங்களின் வாலிபால் பயிற்சியாளர்கள் அவளை அழைத்தார்கள். வீட்டில் எல்லோரும் பார்த்தது அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கையும் அரங்கத்தின் படங்களையும்தான். நானும் முதல் இரண்டு நாள் அதையே பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு கடிதத்தை வரி வரியாகப் படித்தபோது, நடுவில் ‘ஓராண்டுக்கு’ என்ற சொல் கண்ணில் பட்டது. படிப்பு நான்கு ஆண்டு, உதவித்தொகை ஓராண்டு. மிச்ச மூன்று ஆண்டுக்கு யார் பொறுப்பு என்று கடிதத்தில் எங்கும் இல்லை.

அதன்பிறகு மூன்று கணக்குகளைத் தேடித் தேடிப் படித்தேன். அணியில் வேலை செய்கிறவர்கள் யார், பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, மாணவிகள் பட்டம் வாங்குகிறார்களா. இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. பெரும்பாலானவை பொதுவெளியில் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் ஓர் அணி எப்படி நடக்கிறது என்பது தெரிகிறது. அந்த வேலையை வரிசையாகச் செய்வது எப்படி என்று இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பிரிவு, எந்த விதி?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துவது என்சிஏஏ. அதில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட மகளிர் வாலிபால் அணிகள் இருக்கின்றன. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது; படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவிதான். இரண்டாம் பிரிவில் ஓர் அணிக்கு 8 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகை வரை தரலாம். அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

முதல் பிரிவின் விதி அண்மையில் மாறியது. பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்புகிறவர்கள் பலர் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2024–25 வரை மகளிர் வாலிபால் ‘தலைக்கணக்கு’ விளையாட்டு. 12 பேருக்கு உதவித்தொகை தரலாம். ஒருத்திக்குக் கால்பங்கு கொடுத்தாலும் அது முழுசாக ஒரு தலையாக எண்ணப்படும். அதனால் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. கிடைத்தால் முழுத்தொகை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

2025 ஜூன் 6 அன்று, வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது தொடரப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அந்தச் சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை உச்சவரம்பு நீங்கியது. அதற்குப் பதிலாக அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. மகளிர் வாலிபாலுக்கு அது 18. தொகையைப் பிரித்துக் கொடுக்கவும் வழி திறந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 18 பேருக்கும் தரலாம் என்பது அனுமதி. தரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்று ஒரு பயிற்சியாளர் ‘உதவித்தொகை உண்டு’ என்றால், அது முழுச் செலவாகவும் இருக்கலாம், இருபது சதவீதமாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் கேட்கவேண்டியவை: பல்கலைக்கழகம் சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா? வாலிபாலில் எத்தனை முழு உதவித்தொகைக்கு இந்த ஆண்டு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்? எனக்குச் சொல்லும் தொகையில் கல்விக்கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றில் எதெல்லாம் அடக்கம்?

படி 2: ஆட்களை எண்ணுங்கள், பிறகு ஆண்டுகளை எண்ணுங்கள்

அணியின் இணையதளத்தில் ஊழியர் பட்டியல் இருக்கும். இந்த ஆண்டுப் பட்டியலோடு நிற்காதீர்கள். முந்தைய நான்கு ஐந்து ஆண்டுகளின் பட்டியலையும் எடுத்து ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். யார் தொடர்கிறார், எந்த நாற்காலியில் ஆண்டுதோறும் புது முகம் வருகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முன்பு முதல் பிரிவு அணி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், சம்பளம் வாங்கும் உதவிப் பயிற்சியாளர்கள் இருவர், சம்பளமில்லாத் தன்னார்வப் பயிற்சியாளர் ஒருவர் என்று அமைப்பு இருந்தது. முழுநேரம் உழைத்தும் கூலியில்லாத அந்தத் தன்னார்வப் பதவியை 2023 ஜூலை 1 முதல் என்சிஏஏ நீக்கியது. அந்த இடத்தைச் சம்பளப் பதவியாக மாற்றலாம் என்றானது. மாற்றிய அணிகள் உண்டு. பணமில்லை என்று காலியாக விட்ட அணிகளும் உண்டு. எனவே மூன்றாவது உதவிப் பயிற்சியாளரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பது, ஊழியர் கணக்கு போலத் தோன்றினாலும் நிதிநிலையைச் சொல்லும் செய்தி.

பயிற்சியாளர்களைத் தாண்டியும் பாருங்கள். பயணமும் விடுதியும் ஏற்பாடு செய்யும் நிர்வாகி, ஆட்டத்தைக் காணொளியில் பிரித்து எண்களாக்கும் ஆய்வாளர், உடற்பயிற்சிக்கு ஒருவர், காயத்தைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர், கல்வி ஆலோசகர். ஒவ்வொருவர் பற்றியும் ஒரே கேள்வி: இவர் வாலிபாலுக்கு மட்டுமா, வேறு எத்தனை அணிகளைப் பார்க்கிறார்? குதித்துக் குதித்து முழங்காலும் தோளும் தேயும் விளையாட்டு இது. டிரெய்னர் அதே பருவத்தில் கால்பந்து அணியையும் பார்க்கிறார் என்றால், ஒருத்தியின் கணுக்கால் பிசகும் நாளில் அவர் வேறொரு மைதானத்தில் இருப்பார்.

தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தையும் தேடுங்கள். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் பெரும்பாலும் அது பொது ஆவணம். சம்பளத் தொகை சுவாரஸ்யமானதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஊக்கத்தொகைப் பகுதி. போட்டித்தொடரில் எவ்வளவு தூரம் போனால் எவ்வளவு, அணியின் கல்வி மதிப்பெண் உயர்ந்தால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். இரண்டு தொகைகளையும் ஒப்பிடுங்கள். நிர்வாகம் எதற்குப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பது அங்கே எழுத்திலேயே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972இல் வந்தபோது, பெண்கள் அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்களே. பணமும் மதிப்பும் கூடக் கூட ஆண்கள் அந்தப் பதவிகளுக்கு வந்தார்கள். பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. என்சிஏஏ 1981இல் மகளிர் வாலிபால் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது. முதல் பிரிவில் ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளரின் அணி அந்தப் பட்டத்தை வென்றது 2024இல்தான்: பென் ஸ்டேட் அணியின் கேட்டி ஷூமேக்கர்-காலி, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அந்தப் பருவத்தில் அணியை நடத்தினார். நாற்பத்து மூன்று ஆண்டு காத்திருப்பு அது. பட்டியலில் பெண்கள் இருக்கிறார்களா, இருந்தால் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு இந்த ஒரு வரலாறே போதுமான காரணம்.

படி 3: பணக் கணக்கைப் படிப்பது

1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மத்திய அரசின் மாணவர் நிதியுதவி பெறும் இருபாலர் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வரவுசெலவை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். இதை இஏடிஏ அறிக்கை என்பார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்தில் கல்லூரிப் பெயரைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தனியார் பல்கலைக்கழகமும் இதிலிருந்து தப்ப முடியாது.

அதில் வாலிபாலுக்கென்று தனி வரியில் கிடைப்பவை: வீராங்கனைகளின் எண்ணிக்கை, பயிற்சியாளர்களின் எண்ணிக்கை, மொத்த வரவு, மொத்தச் செலவு, ஆட்டங்களை நடத்துவதற்கும் ஆடச் செல்வதற்குமான இயக்கச் செலவு. பயிற்சியாளர் சம்பளமும், ஆள்சேர்ப்புச் செலவும், உதவித்தொகையும் எல்லாப் பெண்கள் அணிகளுக்கும் சேர்த்தே தரப்படும். அந்தச் சராசரியை வாலிபால் பயிற்சியாளரின் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதன்முறை பார்க்கிறவரைத் திகைக்கவைக்கும் ஒன்று: பல கல்லூரிகளில் வாலிபாலின் வரவும் செலவும் ஒரு டாலர்கூடப் பிசகாமல் ஒரே எண்ணாக இருக்கும். டிக்கெட் விற்று அவ்வளவு சரியாக யாராலும் ஈட்ட முடியாது. பல்கலைக்கழகம் தன் பொது நிதியிலிருந்தோ மாணவர் கட்டணத்திலிருந்தோ பள்ளத்தை நிரப்பி, அதை வரவு என்று எழுதியிருக்கிறது என்பதே அதன் பொருள். இது குற்றம் அல்ல. நாட்டின் பெரும்பாலான மகளிர் வாலிபால் அணிகள் தாங்கள் ஈட்டுவதைவிட அதிகமாகவே செலவழிக்கின்றன. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கக் கால்பந்து (ஃபுட்பால்) மைதானத்தில் ஓர் ஆட்டம் நடத்தி 92,003 பேரை வரவழைத்தது. நெப்ராஸ்கா உண்மையிலேயே வாலிபால் வெறிகொண்ட மாநிலம். மற்ற இடங்களில் அணியைத் தாங்குவது கால்பந்து வருமானமும் பல்கலைக்கழகத்தின் விருப்பமும்தான்.

மொத்தச் செலவை வைத்து இரண்டு கல்லூரிகளை ஒப்பிடுவதும் தவறாகப் போகும். உதவித்தொகை என்பது கல்லூரி தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் கட்டணம். கட்டணம் அதிகமுள்ள தனியார் பல்கலைக்கழகத்தில் அதே 12 உதவித்தொகைக்கு எண் பெருத்துக் காட்டும். மாணவிக்கு அதனால் ஒரு வேளைச் சாப்பாடுகூடக் கூடாது. நான் பார்ப்பது இயக்கச் செலவை வீராங்கனை எண்ணிக்கையால் வகுத்தால் வரும் தொகையை. பஸ்ஸா விமானமா, விடுதி அறையில் எத்தனை பேர், ஆட்டம் முடிந்த இரவு என்ன சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அதே கல்லூரியின் மற்ற அணிகளுக்கும் இப்படியே வகுத்துப் பாருங்கள். ஆண்கள் கூடைப்பந்து அணிக்கும் வாலிபால் அணிக்கும் உள்ள இடைவெளி, நிர்வாகத்தின் மனத்தில் இந்த அணிக்கு எந்த இடம் என்பதைக் காட்டிவிடும்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இன்னும் ஆழமாகப் போகலாம். என்சிஏஏவுக்கு அவை தரும் ஆண்டு நிதி அறிக்கையில் ஒவ்வோர் அணிக்கும் பயணம், ஆள்சேர்ப்பு, சம்பளம், உதவித்தொகை எனத் தனித்தனி வரிகள் உண்டு. தகவல் கேட்கும் சட்டப்படி விண்ணப்பித்தால் பல மாநிலங்களில் தருவார்கள்.

சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் 2025–26இல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். இதில் பெரும்பங்கு கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும் என்பதே எல்லோரின் எதிர்பார்ப்பு. வாலிபாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். இந்தப் புதுச் செலவை ஈடுகட்ட எங்கே வெட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வெளிநாட்டு மாணவிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வேலைக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. சக வீராங்கனை விளம்பரத்தில் சம்பாதிப்பதைப் பார்த்துத் தானும் கையெழுத்திட்டால் விசாவுக்கே ஆபத்து வரலாம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது. மேலும், உதவித்தொகையில் கல்விக்கட்டணம் போக, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதி வரிக்கு உட்பட்டது. எஃப்-1 மாணவர்களிடம் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். ‘முழு உதவித்தொகை’ என்று நம்பிப் போனவளுக்கு முதல் செமஸ்டரிலேயே ஒரு கட்டணச் சீட்டு வந்தால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

படி 4: படிப்பு

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். விளையாட்டு நான்கு பருவம், பட்டம் ஆயுளுக்கும்.

முதலில் நுழைவுத் தகுதி. முதல் பிரிவுக்குப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏவும் (4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) வேண்டும். அவற்றில் 10 பாடங்களைப் பள்ளியின் இறுதி ஆண்டு தொடங்கும் முன்பே முடித்திருக்கவேண்டும்; இதை மறந்துவிட்டு இறுதி ஆண்டில் ஓடுகிறவர்கள் பலர். இது என்சிஏஏவின் வரம்பு மட்டுமே. பல்கலைக்கழகத்தின் வரம்பு இதைவிட உயரமாக இருக்கும்.

அடுத்து ஏபிஆர் என்னும் கல்வி முன்னேற்ற விகிதம். உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவிக்கும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இரண்டு புள்ளி: விளையாடும் கல்வித் தகுதியைக் காப்பாற்றினால் ஒன்று, கல்லூரியில் தொடர்ந்தால் ஒன்று. அணி வாங்கிய புள்ளியை வாங்கியிருக்கக்கூடிய புள்ளியால் வகுத்து 1000ஆல் பெருக்குவார்கள். நான்கு ஆண்டுச் சராசரி 930க்குக் கீழே போனால் தேசியப் போட்டித்தொடரில் ஆட முடியாது. பயிற்சி நேரமும் குறைக்கப்படும்.

தாளில் போட்டுப் பாருங்கள். 12 பேர், இரண்டு செமஸ்டர்: மொத்தம் 48 புள்ளி. ஒருத்தி தகுதியும் இழந்து கல்லூரியையும் விட்டால் 46, ஏபிஆர் 958. இருவர் அப்படிப் போனால் 44, ஏபிஆர் 917. கால்பந்து அணியில் இருவர் போவது கணக்கில் தெரியாது. வாலிபாலில் இரண்டு பேர் போதும், அந்த ஆண்டின் எண் 930க்குக் கீழே விழ. அதனால் ஓராண்டு சரிவைக் கண்டு பயப்படாதீர்கள். எந்த ஆண்டு சரிந்தது என்று குறித்து வையுங்கள். அது பின்னால் தேவைப்படும்.

பட்டம் பெற்றவர்களின் விகிதத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. அரசின் கணக்கு, ஆறு ஆண்டுக்குள் அதே கல்லூரியில் பட்டம் பெற்றவர்களை மட்டுமே வெற்றியாக எண்ணும். நல்ல மதிப்பெண்ணோடு வேறு கல்லூரிக்கு மாறியவளும் அங்கே தோல்விக் கணக்கில் போவாள். என்சிஏஏவின் ஜிஎஸ்ஆர் கணக்கு அப்படி மாறியவர்களை நீக்கிவிட்டு, உள்ளே வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும். கல்லூரிகள் விளம்பரப்படுத்துவது எப்போதும் ஜிஎஸ்ஆரைத்தான். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அந்த அணியிலிருந்து நிறையப் பேர் வெளியேறிக்கொண்டே இருந்தார்கள் என்று அர்த்தம். ஏன் போனார்கள் என்பது உங்கள் அடுத்த கேள்வி.

இனி 40–60–80 விதி. மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் பட்டத்தின் 40 சதவீதம், நான்காம் ஆண்டுக்கு முன் 60, ஐந்தாம் ஆண்டுக்கு முன் 80 முடித்திருக்கவேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒருத்தி இரண்டாம் ஆண்டு முடிவில் 60 கிரெடிட்டோடு (முடித்த பாடங்களுக்கான அலகு) நிற்கிறாள், பொறியியலுக்கு மாற ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பட்டத்துக்கு 128 கிரெடிட். அதில் 40 சதவீதம் 51.2. அவள் படித்ததில் புதிய பட்டத்துக்குப் பொருந்துவது 45தான். ஒரு பாடத்திலும் தோற்காதவள், துறை மாறியதற்காக விளையாட முடியாமல் போவாள். இதைத் தவிர்க்க ஆலோசகர்கள் என்ன செய்கிறார்கள்? சில இடங்களில் கோடைப் பாடங்களை முன்கூட்டியே திட்டமிட்டு அவளைக் கரைசேர்க்கிறார்கள். சில இடங்களில், தொடக்கத்திலேயே எளிதான துறைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எது எந்த வகை என்று அறிய, வீராங்கனைகளின் துறைகளை அணியின் இணையதளத்திலிருந்து எழுதிப் பாருங்கள். பதினெட்டில் பன்னிரண்டு பேர் ஒரே துறையில் இருந்தால் கேளுங்கள், கூச்சப்படாமல்.

நேரக் கணக்கும் படிப்பைச் சேர்ந்ததே. பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், ஒரு நாள் ஓய்வு என்பது விதி. பயண நேரம் அந்த 20க்குள் வராது. 2024இல் ஸ்டான்ஃபோர்ட் கலிஃபோர்னியாவிலிருந்துகொண்டே அட்லாண்டிக் கடற்கரை மாநாட்டில் சேர்ந்தது; மாநாடு என்றால் தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. யுசிஎல்ஏ பிக் டென் மாநாட்டில் சேர்ந்தது. மாநாட்டு ஆட்டத்துக்கு நாட்டையே குறுக்காகக் கடக்கவேண்டிய வாரங்கள் இப்போது உண்டு. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் முன்பே பயிற்சி தொடங்கும்; தேசியப் போட்டித்தொடர் டிசம்பரில், செமஸ்டர் தேர்வு நேரத்திலேயே வந்து நிற்கும். நன்றாக ஆடுகிற அணிக்குத்தான் தேர்வு நெருக்கடியும் அதிகம்.

அண்ணன் மகளுக்கு உயிரியல் ஆசை. ஆய்வகம் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அணியின் பயிற்சியும் அதே இரண்டு மணிக்கு. ஒரு பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர், ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். இன்னொன்றில் கல்வி ஆலோசகரே தொலைபேசிக்கு வந்து, போன ஆண்டு அதே ஆய்வகத்தை எடுத்த செட்டர் (அடிப்பதற்குப் பந்தைத் தூக்கித் தருபவள்) வியாழன்தோறும் காலை ஆறரைக்குத் தனியாகப் பயிற்சி செய்ததையும், எந்த உதவிப் பயிற்சியாளர் அவளுக்காக வந்து நின்றார் என்பதையும் சொன்னார். நான் அந்தத் தாளில் அந்த ஆலோசகரின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன்.

படி 5: மூன்றையும் ஒரே தாளில்

இடப்பக்கம் ஆண்டுகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள். எதிரே நான்கு நெடுவரிசை: ஊழியர் மாற்றம், ஒரு வீராங்கனைக்கான இயக்கச் செலவு, ஏபிஆர், வெளியேறிய வீராங்கனைகள். கடைசி நெடுவரிசைக்கு முந்தைய ஆண்டு அணிப் பட்டியலில் இருந்து, அடுத்த ஆண்டில் இல்லாத, இறுதி ஆண்டு மாணவிகள் அல்லாத பெயர்களை எண்ணினால் போதும்.

தலைமைப் பயிற்சியாளர் மாறிய ஆண்டில் நால்வர் வெளியேறி ஏபிஆர் இறங்கியிருந்தால் அது புரிந்துகொள்ளக்கூடியது. அடுத்த இரண்டு ஆண்டில் மீண்டதா என்று பாருங்கள். தலைமை மாறாமலே ஆண்டுதோறும் மூன்று நான்கு பேர் போகிறார்கள் என்றால் எனக்கு அங்கே அனுப்ப மனம் வராது. செலவு ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் கல்வி ஆலோசகர் இன்னும் நான்கு அணிகளுக்கு ஒருவர்தான் என்றால், பணம் போகும் இடம் தெரிந்துவிட்டது. செலவு குறைவாக இருந்தும் ஐந்து ஆண்டாக அதே ஊழியர்கள், ஏபிஆர் சீராக உயரத்தில், வெளியேறியவர் ஒருவரோ இருவரோ என்று சில சிறிய அணிகள் இருக்கும். வெற்றிக் கணக்கில் அவை கண்ணில் படாது. அவற்றை விட்டுவிடாதீர்கள்.

படி 6: நேரில் கேட்பது, எழுத்தில் வாங்குவது

பள்ளியின் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் மாணவியை நேரடியாகத் தொடர்புகொள்ளலாம்; ஆகஸ்ட் 1 முதல் பல்கலைக்கழகச் செலவில் அழைத்துக் காட்டலாம். அப்படிப் போகும்போது அரங்கத்தைப் பார்க்க அரை மணி நேரம் போதும். மிச்ச நேரத்தில் மூன்று பேரைச் சந்திக்கக் கேளுங்கள்: கல்வி ஆலோசகர், டிரெய்னர், அதிகம் ஆட வாய்ப்புக் கிடைக்காத மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. நட்சத்திர வீராங்கனையை அவர்களே கொண்டுவந்து நிறுத்துவார்கள். பெஞ்சில் இருப்பவளைத் தனியாகச் சந்தித்து, காயம்பட்ட வாரம் எப்படி இருந்தது என்று கேட்டால் போதும். ஒவ்வொரு என்சிஏஏ பல்கலைக்கழகத்திலும் விளையாட்டுக்கான பேராசிரியர் பிரதிநிதி ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, கடந்த பருவத்தில் அணி எத்தனை வகுப்பு நாள்களைத் தவறவிட்டது என்று கேட்கலாம்.

பிறகு கடிதம். 2024 அக்டோபரில் பழைய தேசிய ஒப்புதல் கடித முறையை நீக்கிவிட்டார்கள். இப்போது உதவித்தொகை ஒப்பந்தமே எல்லாம். அதில் தேடவேண்டியவை: எத்தனை ஆண்டுக்கு, எத்தனை சதவீதம், காயம்பட்டால் தொடருமா, பயிற்சியாளர் மாறினால் தொடருமா, நான்கு ஆண்டில் பட்டம் முடியாவிட்டால் ஐந்தாம் ஆண்டுக்கு உதவி உண்டா, கோடைப் பாடங்களுக்குப் பணம் யார் தருவது. வாயால் சொன்ன எதையும் மின்னஞ்சலில் திரும்ப எழுதி, ‘நான் புரிந்துகொண்டது சரிதானா’ என்று கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

‘ஓராண்டுக்கு’ என்று எழுதியிருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். நான்கு ஆண்டு என்று மாற்றித் தர முடியுமா என்று ஒரே வரி. பன்னிரண்டு நாள் பதில் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் அவள் உயிரியல் ஆய்வகமும் காலை ஆறரை மணிப் பயிற்சியும் உள்ள இடத்துக்குக் கையெழுத்திட்டு அனுப்பினாள்.